பாறைமேல் படித்த இந்தி

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் ஆளாளுக்கு அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று துப்பியது போதும். என் அண்ணன் பெண்டாட்டி. நான் அண்ணி என்று கூப்பிட்டவள். அது தெரிந்தால் போதும் உங்களுக்கு.

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். ஆறவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதுகூடக் கரண்டியை நங்கென்று பாத்திரத்தில் போடுகிறேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து ஒதுங்குகின்றன. இதற்குமேல் காத்திருந்து பிரயோஜனமில்லை.

அண்ணியிடம் ஒரு குணம். விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டாள். திரும்பி வந்து தூக்குவாள். தூக்கும்போதே கண்டபடி திட்டுவாள். ஒன்றை விட்டு ஒன்றைத் தனியாக வாங்க முடியாது.

எங்களுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் உண்டு. வருஷத்துக்கு ஒரு சாண் என்று எங்கள் வரப்பை நகர்த்திக்கொண்டே வந்த மகராசன். அவரோடு எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது. ஒரு தை மாதம் மிளகு பறிக்கையில் சில்வர் ஓக் மரத்திலிருந்து ஏணியோடு சரிந்து விழுந்தார். கால் ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். பத்துப் பேர் கூடி நின்று தூக்கலாமா, கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வரப்பைத் தாண்டிப் போனாள். தலைத்துண்டை அவிழ்த்து அவர் காலை ஒரு மூங்கில் சிம்போடு சேர்த்துக் கட்டினாள்.

“ஏனுங்க, வரப்பை நகத்தறதுக்கு மட்டும் தெம்பு இருக்குதுங்கள்ல? ஏணியைப் புடிச்சு நிக்கத் தெரியாதுங்களா? அசையாதீங்க. அசைஞ்சீங்கன்னா இன்னொரு காலையும் நானே ஒடிச்சுப்போடுவேன்.”

செம்மேடு ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப்பில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக மண்வெட்டியை எடுத்துப்போய் வரப்பைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். மனிதர் கட்டுப்போட்டுப் படுத்திருக்கும்போதே! அவர் பெண்டாட்டி பார்த்துக்கொண்டே நின்றாள். பேச வாய் வருமா?

அண்ணனுக்கு ரிக் வண்டியில் வேலை. நிலத்தில் போர் போடுகிற வண்டி. மலையிலிருந்து வேலைக்கு இறங்கும் ஆண்பிள்ளைகள் பலர் அந்த வண்டிகளில்தான் ஏறுகிறார்கள். வண்டி வடக்கே போய்விடும். மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார்கள். அண்ணன் பதினோரு வருஷம் அப்படிப் போய்வந்தான். கல்யாணம் ஆன மறு வருஷம் அண்ணிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றையும் அவனேதான் ஏற்றிக் கொடுத்தான். வண்டி சும்மா நிற்கும்போது அவர்கள் அதைத்தான் விளையாடுவார்களாம். “பொழுது போகலைன்னா வெளையாடு புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால் கிடைக்கும். அண்ணி காலையில் களை வெட்டி, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, வெயில் தாழும் வரைக்கும் அந்தப் பாறையில் முண்டாசோடு உட்கார்ந்து விளையாடுவாள். நாலு நாலு பேராகச் சேர்ந்து ஒரு தீவில் குதித்துச் சண்டை போட வேண்டும். கூடச் சேர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, யார் கண்டது? காதில் மாட்டினால் அவர்கள் பேசுவது கேட்கும், நாமும் பேசலாம். இவளுக்கு வாய்த்தவர்கள் எல்லாம் இந்திக்காரர்கள்.

ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. செத்துச் செத்துத்தான் படித்தாள். ஒருவன் “பீச்சே, பீச்சே” என்று கத்துவான். இவள் முழித்துக்கொண்டு நிற்பாள். பின்னாலிருந்து எவனோ சுட்டுவிடுவான். ஓகோ, பீச்சே என்றால் பின்னால். அடுத்த ஆட்டத்தில் “ருக்கோ” என்பான். இவள் ஓடுவாள், சாவாள். ருக்கோ என்றால் நில். இப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு சாவு. நான் பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் இங்கிலீஷ் படித்தேன். இன்றைக்கும் இங்கிலீஷில் ஒரு போன் வந்தால் அப்படியே வைத்துவிடுகிறேன். இவள் ஒரு வருஷத்தில் அவர்களை அவர்கள் பாஷையிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் அந்த இந்தி ஒரு தினுசான இந்தி. இடது, வலது, மாடி, கூரை, எத்தனை பேர், எவ்வளவு தூரம், ரத்தம், மருந்து, சீக்கிரம், அசையாதே, நான் வருகிறேன். இவ்வளவும் அத்துப்படி. சாப்பிட்டீர்களா, சௌக்கியமா, மழை உண்டா, ஒன்றும் தெரியாது. சண்டையில் அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்?

ரோடு போட வடக்கத்தி ஆட்கள் வந்தபோது, குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் கையைக் காலை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி போய் இடுப்பில் கை வைத்து நின்று இந்தியில் விளாசினாள். எத்தனை பேர்? இடது பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் குழாய். ரெண்டு பேர் போ, ரெண்டு பேர் இங்கேயே நில். அவர்கள் நிஜமாகவே இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போனார்கள்! மேஸ்திரி தமிழ்க்காரர், என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: “உங்க அண்ணி பட்டாளத்துல இருந்தவங்களாங்க?” எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

விளையாட்டிலும் அவளுக்கு அதே குணம்தான். குண்டு பட்டால் உடனே செத்துவிட மாட்டார்களாம். முழங்கால் போட்டு விழுந்து கிடப்பார்கள். உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அதற்குள் கூட்டாளி யாராவது வந்து தூக்கினால் பிழைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரர்கள் விழுந்தவனை விட்டுவிட்டு ஜெயிக்கப் போவார்கள். இவள் திரும்பி ஓடி வருவாள். வந்து இவளும் சாவாள். எத்தனையோ ஆட்டம் இவளால் தோற்றது. திட்டிவிட்டுப் போனவர்கள் போக, மூன்று பேர் நிலையாக நின்றார்கள். அதில் ஒருவர் பஞ்சர் கடைக்காரர். வடக்கே ஏதோ ஒரு ஹைவே ஓரத்தில் கடை. நடுநடுவே இருமுவார்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. “பாறைமேல உக்காந்துக்கிட்டு எவங்கூடவோ பேசறா.” “புருசன் அங்க, இவ இங்க, சிரிப்பைப் பாரு.” என் அம்மா காதில் போட்டார்கள். அம்மா என் காதில் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆமாம், நான்தான். அண்ணி பாறைமேல் உட்கார்ந்து ஆம்பிளைகளோடு மணிக்கணக்காகப் பேசுகிறாள் என்று சொன்னேன். பொய் இல்லை, ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மையை வைத்துக்கொண்டே எவ்வளவு பெரிய துரோகம் செய்யலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அண்ணன் அவளைப் போனில் காய்ச்சி எடுத்தான். அண்ணி நேராக அங்கன்வாடிக்கு வந்தாள்.

“கண்ணு, நீதான் சொன்னியா?”

“இல்லீங்க அண்ணி.”

“செரி, சாயங்காலம் பாறைக்கு வா. வந்து நீயே காதுல வெச்சுக் கேளு. அப்புறம் ஆருகிட்ட வேணாலும் சொல்லு” என்றாள். போனேன். கேட்டேன். நாலு பேர் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தார்கள். வேறொன்றும் இல்லை.

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகை. ரிக் மேனேஜர் அம்மாவுக்குப் போன் செய்தான். மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டுக்காரன். “உங்க பையன் நாலு நாளைக்கு முன்னாலயே வேலையை உட்டுட்டு எங்கியோ போயிட்டானுங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றான், வைத்துவிட்டான். அண்ணன் போன் அணைந்து கிடந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பெரியப்பா வந்து உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, “வடக்க எவளையாச்சும் சேத்துக்கிட்டிருப்பான், வேறென்ன?” என்றார். நாக்கில் நரம்பில்லாத மனுஷன்.

“அவரு ஓடற ஆளுங்களா மாமா? செருப்பைத் தேடிப் போட்டுக்கறதுக்கே கால் மணி நேரம் ஆவும் அவருக்கு. எங்கியோ உழுந்து கெடக்கறாரு” என்றாள் அண்ணி.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அண்ணி அந்த வண்டியில் இருந்த ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வண்டியின் சமையல்காரர் எடுத்தார். எங்கள் மலையிலேயே திருப்புலி நாட்டுக்காரர். எடுத்ததும் அழுதார். போர் போடுகிற இரும்பு ராடு நழுவி அண்ணன் இடுப்பில் விழுந்துவிட்டதாம். நினைவு தப்பிக் கிடந்தவனை மேனேஜர் ஏதோ ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் போட்டு, அவன் போனையும் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த ஊர் வேலைக்கு நேரமாகிறது என்று வண்டியைக் கிளப்பிவிட்டானாம். வெளியே சொன்னால் சம்பளம் கிடையாது என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருக்கிறான். பாவி. மனுஷனைக் கழற்றிப்போட்ட டயர் மாதிரி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

“எந்த ஊருங்கண்ணா?” என்று கேட்டாள் அண்ணி.

“போர்டு படிக்கத் தெரியலையே தங்கச்சி. சத்தீஸ்கர் பக்கம். ரெண்டு மாடி, மஞ்சச் சுவரு. பின்னாடி பெரிய தண்ணி டேங்கு. எதுத்தாப்பல ரயில் கேட்டு. இன்னொண்ணு தங்கச்சி, ஆஸ்பத்திரி சீட்டுல அவன் பேரு இருக்காது. மேனேஜரு கையில கெடச்ச ஆதார் கார்டைக் குடுத்துட்டாரு. ஆரு கார்டுன்னு தெரியலை.”

பெரியப்பா கையை விரித்தார். இந்தியாவில் மஞ்சள் சுவர் ஆஸ்பத்திரி எத்தனை இருக்கும்? அண்ணி போனை எடுத்துக்கொண்டு, “வா கண்ணு” என்றாள். பாறைக்கு ஓடினோம். விளையாட்டைத் திறந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத நேரத்தில் விளையாட்டா?

மூன்று கூட்டாளிகளும் இருந்தார்கள். நாலு பேரும் தீவில் குதித்தார்கள். அண்ணி குதித்த இடத்திலேயே நின்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். என் ஆள் விழுந்து கிடக்கிறான் என்றாள். எங்கே என்று கேட்டார்கள். ரெண்டு மாடி, மஞ்சள் வீடு, பின்னால் தண்ணித் தொட்டி, முன்னால் ரயில் கேட் என்றாள். அவர்கள் அந்தத் தீவிலேயே ஓடி ஓடித் தேடினார்கள். அப்படி வீடே இல்லையே, எந்தத் திசை, சரியாகச் சொல் என்று கத்தினார்கள்.

“கேம் நஹி!” என்று அலறினாள் அண்ணி. விளையாட்டில் இல்லை. “கேம் நஹி! கேம் நஹி!”

மூன்று பேரும் ஓடுவதை நிறுத்தினார்கள். எவனோ வந்து நாலு பேரையும் நின்ற இடத்திலேயே சுட்டுத் தள்ளிவிட்டான். ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் போகவில்லை. இருமல் சத்தம் கேட்டது. “தீதி, போலோ” என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். முடித்த பிறகு நான் கேட்டேன், தீதி என்றால் என்ன என்று.

“அக்கான்னு அர்த்தம் கண்ணு. அந்தாளுக்கு எம்பட அப்பன் வயசு இருக்கும். ஆனாலும் அக்காம்பாரு.”

அந்த மனிதர் தன் கடைக்கு வந்த ஒவ்வொரு லாரிக்காரனையும் நிறுத்தி, மஞ்சள் சுவர், தண்ணி டேங்க், ரயில் கேட் என்று விசாரித்திருக்கிறார். லாரிக்காரர்களுக்குத் தெரியாத ரோடு உண்டா? இரண்டாம் நாள் ஒரு டிரைவர் இடத்தைச் சொல்லிவிட்டான். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு பைக்கில் இரண்டு மணி நேரம் போயிருக்கிறார். முன்பின் முகம் பார்க்காத ஆள். மலையில் எங்களோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் அத்தனை நாளும் எட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். பேர் என்ன என்று கேட்டார். அண்ணி விழித்தாள். எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததே இல்லை. வாய் திறக்கிறாள், வரவில்லை. நான் போனைப் பிடுங்கிச் சொன்னேன். அந்தப் பெயர் ரிஜிஸ்டரில் இல்லை. இருக்காது என்றுதான் சமையல்காரரே சொன்னாரே. வாட்ச்மேன் அவரை வெளியே போகச் சொல்லி விரட்டுவது கேட்டது.

அண்ணி போனை என்னிடமிருந்து வாங்கினாள். “சீட்டுல எவன் பேரு வேணாலும் இருக்கட்டும். நான் கூப்படறாப்பல கூப்பிட்டா அவரு திரும்புவாரு” என்றாள். அந்த மனிதருக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். மூன்று தடவை சொல்லவைத்துத் திருத்தினாள். “ஏனுங்க.” அவள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே வார்டு வார்டாக நடந்தார். எங்களுக்குக் காலடிச் சத்தம் கேட்கிறது, இருமல் கேட்கிறது. “ஏனுங்க… ஏனுங்க…” யாரோ சிரிக்கிறார்கள். யாரோ அதட்டுகிறார்கள். அவர் விடவில்லை. “ஏனுங்க…” மாடிப்படி ஏறுகிற மூச்சு. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெரிந்து உடைந்தது. அப்புறம் தூரத்தில் ஒரு குரல், எங்கள் அண்ணன் குரல்.

“புள்ள… நீயா?”

அண்ணி அழவில்லை. திட்டினாள். “அங்க போய்ப் படுத்துக்கிட்டு என்னங்க பண்றீங்க? ராடு உழுந்தா தள்ளி நிக்கத் தெரியாதுங்களா? கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?” அந்தப் பக்கம் அண்ணன் குழந்தை மாதிரி விம்முகிறான். பிறகு நர்ஸ் பேசினாள். அண்ணி அவளிடம் இந்தியில் கேட்ட முதல் கேள்வி, “உயிர் எவ்வளவு பாக்கி இருக்கிறது?” அந்த விளையாட்டில் அப்படித்தான் கேட்பார்களாம். நர்ஸ் தடுமாறிப்போய், நிறைய, நிறைய இருக்கிறது என்றாளாம். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி பாறையில் முகம் குப்புற விழுந்து அழுதாள். நானும் அழுதேன்.

அண்ணியும் என் தாய்மாமனும் ரயிலேறிப் போய் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கம்பி வைத்திருந்தார்கள். வந்து இறங்கிய அன்று மாமா என்ன சொன்னார்? “இவ மட்டும் இல்லைன்னா நான் அந்த ஸ்டேசன்லயே பிச்சை எடுத்திருப்பேன் சாமி. டாக்டர்கிட்ட, டிக்கெட்காரன்கிட்ட எல்லாம் இவளே பேசினா. அந்தப் பஞ்சர் கடைக்காரரு ஸ்டேசனுக்கே வந்தாரு. சப்பாத்தி கட்டிக்கிட்டு வந்து குடுத்தாரு. நரைச்ச தாடி. இவ தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணினாரு.”

நான் சொல்லப்போவதைக் கேளுங்கள். “தலையில் கை வைத்தார்” என்று மாமா சொன்னது, டீக்கடைக்குப் போனபோது “தொட்டான்” ஆயிற்று. அங்கிருந்து திரும்பி எங்கள் வீட்டுக்கு வரும்போது “தொட்டுத் தொட்டுப் பேசினான்” ஆயிற்று. நரைத்த தாடி எந்த வளைவில் விழுந்து தொலைந்ததோ தெரியவில்லை.

அண்ணன் கட்டிலில் கிடந்தான். எழுந்து உட்காரவே ஒரு மாதம் ஆயிற்று. அண்ணி காலையில் அவனைக் கழுவிவிட்டு, காட்டுக்குப் போய், வந்து ஊட்டிவிட்டு, மறுபடி போவாள். பார்க்க வருகிறவர்கள் அண்ணனிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் அவன் முகம் மாறியது. ஒரு நாள் என்னிடமே கேட்டான்: “ஏனுங்கன்னு எம்பட பொண்டாட்டி என்னைக் கூப்படறது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அச்சு அசல் அவளாட்டமே இழுத்துக் கூப்பிட்டானே. எத்தனை நாள் பழகியிருந்தா அப்படி வரும்?”

“அண்ணி சொல்லிக் குடுத்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்” என்றேன். அவன் கேட்கவில்லை. எந்தக் குரலைக் கேட்டுப் பிழைத்தானோ, அந்தக் குரலையே படுத்துக்கொண்டு சந்தேகப்பட்டான். நன்றிகெட்ட ஜென்மம். என் கூடப் பிறந்தவன்தான், ஆனாலும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா, மாமா, பங்காளிகள் இரண்டு பேர். அம்மா தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணி அப்போதுதான் காட்டிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணுமில்ல புள்ள. நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. சூடத்தைக் கொளுத்தி, உம்பட புருசன் தலைமேல கை வெச்சு, அந்த ஆளுக்கும் எனக்கும் தப்பா ஒண்ணுமில்லைன்னு ஒரு சத்தியம். போனைக் குடுத்துரு. அதோட முடிஞ்சுது.”

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தாள். பெரியப்பாவைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்களும் கேக்கறீங்களா?”

அண்ணன் போர்வையை இழுத்து மார்வரை மூடிக்கொண்டான்.

“இவரு உசுரு இருக்குதா இல்லையான்னு தேடிக் கண்டுபுடிச்சவ நான். அந்த உசுரு மேலயே என்னைச் சத்தியம் பண்ணச் சொல்றீங்களா? பண்ண மாட்டேன். சூடத்தை எடுத்து உள்ளார வைங்க அத்தை.”

“மடியில கனம் இல்லைன்னா வழியில என்ன பயம்? பண்ணிட்டுப் போயேன்” என்றார் ஒரு பங்காளி.

அப்போதுதான் பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “நீதான கூடவே இருந்தே? என்ன பேசிக்கிட்டாங்க? நீ சொல்லு, கேப்போம்.”

அண்ணியும் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் கல் மாதிரி இருந்த முகம் கொஞ்சம் இளகியது. என்னை நம்பினாள். நான் சொல்ல வேண்டியது எவ்வளவு? அந்த மனிதர் இவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார், என் காதால் கேட்டேன், அர்த்தமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் போதும். ஆனால் எதிரே மாமா உட்கார்ந்திருந்தார். மாமா மகனுக்குத்தான் என்னைப் பேசி முடித்திருந்தார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஸ்டேஷனில் பிச்சை எடுத்திருப்பேன் என்று சொன்ன அதே மாமா.

“எனக்கு இந்தி தெரியாதுங்க” என்றேன்.

அதைக் கேட்டதும் அண்ணி உள்ளே போனாள். அண்ணனுக்கு அன்றைக்கும் சோறு ஊட்டினாள். மறுநாள் காலையில் அவனைக் கழுவி, வேட்டி மாற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, ஒரு பையோடு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் உள்ளே நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வடக்கத்தி ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்த ஒருவர் சொன்னார். உண்மையோ பொய்யோ. அவள் நம்பர் அன்றையிலிருந்தே வேலை செய்யவில்லை.

மூன்று மாதம் கழிந்தது. நான் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. தேடுகிற நாட்களில் சார்ஜ் இல்லாமல் போனால் இருக்கட்டும் என்று அண்ணி என் நம்பரையும் ஒருவருக்குக் கொடுத்து வைத்திருந்தாள். எடுத்தேன். முதலில் இருமல்.

என்னென்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் முன்னால் நீட்டினேன். “பாய், கமர் கைசி?” என்றார். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார். அண்ணன் “டீக் ஹை” என்றான், நன்றாயிருக்கிறதாம். அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். பிறகு கேட்டார், “தீதி? தீதி கஹா?” அக்கா எங்கே என்று கேட்கிறார், அது மட்டும் எனக்குப் புரிந்தது.

அண்ணன் போனை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

“தீதி இல்லீங்க. தீதியை நாங்க தொரத்திட்டோம்” என்றேன் தமிழிலேயே. ஒரு தரம் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அண்ணனுக்குக் காது கிழியட்டும் என்றே கத்தினேன். “உங்களைச் சொல்லித்தானுங்க தொரத்திட்டோம். இவன் சும்மா படுத்திருந்தான். நான் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். நீங்க அவங்களை அக்கான்னு கூப்பிட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலீங்க. கேக்குதுங்களா? நாங்கதான் தொரத்திட்டோம்!”

அந்த ‘ஏனுங்க’வைத் தவிர ஒரு தமிழ் வார்த்தை தெரியாத அவர் பொறுமையாகக் கேட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

“அச்சா, அச்சா” என்றார், நல்லது நல்லது என்கிற மாதிரி சந்தோஷமாக. பின்னால் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. போனை வைத்துவிட்டார்.